ஈயமணலில் ஒரு வட்டத் தடம்

அன்று காலை வெள்ளை மணலில் நின்றவர்கள்: நான், என் மனைவியின் அண்ணன், எங்கள் லயத்துக் கங்காணி, மணலோரத்தில் காய்கறி போட்டிருந்த சீனர், அவருடைய கறுப்பு நாய். வேறு யாரும் இல்லை. என் மனைவி முந்தின நாள் சாயங்காலமே பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை பெற்றிருந்த தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் அங்கே நின்றிருந்தால் இதில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

என் மாடும் அங்கே இல்லை. அதைத் தேடித்தான் நாங்கள் போயிருந்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. ரப்பர் விலை கொஞ்சம் தலைதூக்கியிருந்த நேரம். மலாய் நாட்டில் எங்கள் ரப்பர்த் தோட்டம், லகாட் என்கிற சின்ன ஊருக்கு அந்தப் பக்கம். ஈயம் தோண்டுகிற இடத்தை எங்கள் ஆட்கள் லம்பம் என்பார்கள். மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை அங்கேயே கொட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். தோட்டத்து எல்லையில் அப்படிக் கைவிட்ட லம்பம் ஒன்று கிடந்தது. அங்கங்கே பச்சைத் தண்ணீர்க் குட்டைகள், மற்றபடி கண் கூசுகிற வெள்ளை மணல். தொரை ஒருநாள் அதைப் பார்த்து, தன் ஊரில் பனி விழுந்தால் இப்படித்தான் கிடக்கும் என்றாராம். அவர் பங்களாச் சமையல்காரர் வந்து சொன்னார். பனி எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி அந்த மணலில் எது நடந்தாலும் காலையில் நமக்குத் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரியும்.

லகாட்டுக்குப் புளி, மிளகாய் வாங்கப் போகிறவர்களுக்கு அதுதான் குறுக்கு வழி. நடக்கும்போது கீழே பார்த்துக்கொண்டே போவது எல்லாருக்கும் பழகிவிட்டது. காட்டுப்பன்றி என்றால் இரண்டு குளம்பும் அகன்று, பின்னால் சின்னதாக இரண்டு குத்து இருக்கும். மானுக்குக் கூரான குளம்பு. அந்தக் குத்து இருக்காது. உடும்பு வாலை இழுத்துக்கொண்டு போன கோடு பாம்பு என்று ஏமாற்றப் பார்க்கும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் விரல் பதிந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துபோகும். முள்ளம்பன்றி போன இடம், யாரோ ஈர்க்குமாற்றால் அரைமனசாகக் கூட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். எங்கள் வரிசைவீட்டு லயத்துப் பெண்கள் இதையெல்லாம் வைத்தே கதை பேசிக்கொண்டு வருவார்கள். “நேத்து ராத்திரி பன்னி குடும்பத்தோட லகாட்டுக்குப் போயிருக்கு, படம் பாக்க” என்பார்கள்.

நாய்த் தடத்தில் நகம் குத்தியிருக்கும். நகம் குத்தாத பெரிய தடம் என்றால் சிரிப்பு நின்றுவிடும். கூட்டமாக நெருங்கி நடப்போம். காலை வேளையில் அதன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதுபோல ஆகிவிடுமாம். “பெரியவரு” என்றுதான் சொல்வோம். நான் மத்தியானத்தில்கூடப் பெயர் சொல்லமாட்டேன்.

மாடு என்னுடையது என்றேன். பாதிக்குமேல் அது லகாட்டு வங்காளியுடையது. வங்காளி என்றால் வங்காளத்துக்காரர் இல்லை. தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். எங்கள் பக்கத்தில் அவர்களை அப்படித்தான் சொல்லிவந்தோம். மாட்டுக் கொட்டகை வைத்து வீடுவீடாகப் பால் ஊற்றியவர், சினைமாடு ஒன்றை எங்களுக்கு, மாசாமாசம் சில வெள்ளிகளாகக் கட்டுகிற தவணைக்குக் கொடுத்தார். கன்று போட்டதும் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீட்டுக்கும் பால் ஊற்றிக் கடனை அடைத்துவிடலாம் என்பது என் மனைவியின் கணக்கு. என் கணக்கு வேறு. மாடு செத்துப்போனால்? கன்று தங்காமல் போனால்? கிராணி வீட்டில் டின் பாலுக்கு மாறிவிட்டால்? தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அங்கே கற்றதில் கூட்டல் மறந்துவிட்டது. கழித்தல் மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

“கவலப்படறதுக்கு ஒங்களுக்குத் தனியா சம்பளம் போடறாங்களா?” என்று மனைவி கேட்பாள். கவலை எனக்கு வேலை மாதிரிதான். லீவு கிடையாது.

மாட்டின் முன்னங்கால் ஒன்றில் குளம்புக்கு நடுவே வெடித்திருந்தது. மழை ஈரத்தில் நின்று நின்று அது புண்ணாகி, நொண்ட ஆரம்பித்தது. வேப்பெண்ணெய் போட்டோம். போட்டதெல்லாம் சேற்றோடு போனது. புழு வைத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். “சும்மா இருங்க, நான் என்னாச்சும் பண்றேன்” என்றாள் மனைவி. என்ன பண்ணப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் தவணை கட்ட லகாட்டுக்குப் போனேன். திரும்பும்போது பெருமழை. இருட்டிய பிறகே லயத்துக்கு வந்து சேர்ந்தேன். மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள் என்று அடுத்த வீட்டிலிருந்த மச்சான் சொன்னார். கொட்டகையில் விளக்கு கிடையாது. மாடு மூச்சு விடுவது கேட்டது. கையிலிருந்த புல்லை அதன் வாய்ப்பக்கம் போட்டுவிட்டு வந்து படுத்தேன். ராத்திரியும் மழை விட்டுவிட்டுப் பெய்தது. விடிந்து போய்ப் பார்த்தால் முளையில் அறுந்த கயிறுதான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை. ஆள் கணக்கு எடுக்கிற அந்தச் சங்கு ஊதாத நாளில் கங்காணியை எழுப்புவது எளிதான காரியம் இல்லை. ஆனாலும் வந்தார். மாட்டின்மேல் இருந்த இரக்கத்தால் மட்டும் வந்தார் என்று சொல்லமாட்டேன். பெரியவர் தோட்டத்துப் பக்கம் வந்துவிட்டார் என்று பேச்சுக் கிளம்பினால் மறுநாள் ஓர் ஆள்கூட மரம் வெட்டிப் பால் இறக்கப் போகமாட்டான். தொரை கங்காணியைத்தான் கேட்பார்.

கொட்டகையிலிருந்து குளம்புத் தடம் செம்மண் பாதையில் போய், மழைத் தண்ணீரில் கலைந்து, பிறகு வெள்ளை மணலில் இறங்கியது. அங்கேதான் மச்சான் கையை விரித்து எங்களை நிறுத்தினார்.

“மாப்ளே, கிட்ட வராதீங்க.”

“ஏன், என்னா மச்சான்?”

“வராதீங்கன்னா வராதீங்க.”

அப்படிச் சொன்னால் நிற்கிற ஆள்தான் நான். ஆனால் அதற்குள் கால் போய்விட்டது. மாட்டின் குளம்புத் தடத்துக்குப் பக்கத்திலேயே, விரித்த என் கை அகலத்துக்கு, வட்டமாக ஒரு தடம். குளம்பு இல்லை. நகம் இல்லை. கொஞ்சம் தள்ளி அதேபோல இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மழை விழுந்து ஓரம் சரிந்து, ஒவ்வொன்றும் சட்டி போலக் குழிந்து கிடந்தது.

“பெரியவருதான்” என்றார் மச்சான். சொல்லிக்கொண்டே பின்னால் ஓர் எட்டு வைத்தார்.

கங்காணி குனிந்தார். அவருக்கு வயிறு பெரிது. குனிந்தால் நிமிர நேரமாகும். “வெரலு எங்கப்பா? பெரியவருன்னா முன்னால நாலு வெரலு தெரியணுமா இல்லியா? இது ஆனக்குட்டி.”

“ஆனக்குட்டி தனியா வருமா கங்காணியாரே? அதோட ஆத்தா எங்க? மரத்து மேல ஏறி ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா?”

“அப்ப வெரலு எங்க?”

“மழையில அழிஞ்சிருக்கும்.”

“வெரலு மட்டும் பாத்துப் பாத்து அழிக்குமா மழ? ஒன் மூளையையும் சேத்துல்ல அழிச்சிருக்கு.”

இவர்கள் சத்தம் கேட்டுத்தான் காய்கறித் தோட்டத்துச் சீனர் மண்வெட்டியோடு வந்தார். சீனர் யாராக இருந்தாலும் மரியாதைக்கு நாங்கள் தவுக்கே என்போம். இவர் ஓட்டைக் குடிசையில் தனியாக இருந்த தவுக்கே. தடத்தைப் பார்த்தார், சிரித்தார். “ஹரிமாவ் புக்கான் லா!” என்றார். புலி இல்லையாம். “தெனுக்! தெனுக்!”

தெனுக் என்பது முன்பாதி கறுப்பாகவும் பின்பாதி வெள்ளையாகவும், பன்றிக்கும் பெரிதாக, மூக்கு நீண்டு தொங்குகிற காட்டுவிலங்கு. ஆளைக் கடிக்காது. தன் சர்க்கரைவள்ளிக் கொடியை நாலு நாளாக அதுதான் தின்கிறது என்று அவர் பஜார் மலாயில் கோபமாகச் சொன்னார்.

“தெனுக்குக்கும் வெரலு உண்டு தவுக்கே” என்று கங்காணி மூன்று விரலைக் காட்டினார். தவுக்கே நாலு விரலைக் காட்டினார். இவர் மூன்று, அவர் நாலு. தடத்திலோ ஒன்றுகூட இல்லை.

இந்த விரல் சண்டைக்கு நடுவில் கறுப்பு நாய் வந்து தடத்தை மோந்து பார்த்தது. பின்னங்காலைத் தூக்கி அதன்மேல் நனைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

“பாத்தீங்களா, நாய் பயப்படல” என்றேன் நான்.

“அதுக்குப் பெரியவருன்னா யாருன்னே தெரியாது லா. நேத்து வந்த நாயி” என்றார் மச்சான்.

திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் தேவலை என்று எனக்கு இருந்தது. நானாகச் சொல்ல வாய் வரவில்லை. போனது என் மாடு. மாடு போனாலும் கடன் என்னோடுதான் இருக்கும். மனைவி வந்து, காலியாகக் கிடக்கிற கொட்டகையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒன்றும் திட்டமாட்டாள். அதை நினைத்தபோது பெரியவரே பரவாயில்லை என்று தோன்றியது.

தவுக்கே குடிசையிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை எடுத்துவந்தார். கங்காணி அதைத் தட்டிக்கொண்டு நடுவில் நடந்தார். மச்சான் முன்னால், தவுக்கே பின்னால். நான் கங்காணியின் நிழலை ஒட்டியே நடந்தேன். முன்னால் போனாலும் பயம், கடைசியில் வந்தாலும் பயம். கண்ணை நிமிர்த்தினால் புதர் ஒவ்வொன்றும் அசைவதுபோல இருந்ததால் கீழேயே பார்த்துக்கொண்டு போனேன்.

குட்டையைச் சுற்றி மாடு வளைந்து போயிருந்தது. வட்டத் தடமும் கூடவே வளைந்தது. மேட்டில் மாடு ஏறியிருந்தது; அதுவும் ஏறியிருந்தது. லாலாங் புல் அடர்ந்திருந்த ஓரிடத்தில் மாடு நின்றிருக்கிறது. வட்டமும் அங்கே ஆழமாக அமுங்கியிருந்தது.

“பின்னாலயே போயிருக்காரு மாப்ளே. அது நின்னா இவரும் நிக்கிறாரு” என்றார் மச்சான்.

லாலாங்கின் நுனியெல்லாம் கடிபட்டிருந்தது. பக்கத்தில் சாணி, நிதானமாகப் போட்டது. எனக்கு ஏதோ இடித்தது. “மச்சான், பின்னால அவரு நிக்கிறப்ப எந்த மாடாச்சும் புல்லு மேயுமா?”

“பசிச்சா மேயும்.”

“ஓடவே இல்லியே. ஒரு எடத்துலகூடக் குளம்பு சறுக்கல.”

“நொண்டி மாடு எப்புடி மாப்ளே ஓடும்?”

நொண்டி மாடு என்றதும் அந்தக் காலைத் தேடினேன். எந்தத் தடத்தில் நொண்டல் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலது முன்னங்கால் இருந்தது. பின்னங்கால் இரண்டும் இருந்தன. இடது முன்னங்காலைக் காணோம். நாலைந்து எட்டு நடந்து பார்த்தேன். மூன்று குளம்பு, ஒரு வட்டம். மறுபடியும் மூன்று குளம்பு, ஒரு வட்டம். நாலில் மூன்றைக் கழித்தால் ஒன்று. அந்தக் கழித்தல் என் வாழ்க்கையில் முதல்தரமாக என் பக்கம் பேசியது.

“கங்காணியாரே, தகரத்த நிறுத்துங்க” என்றேன். அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவரும் நிறுத்திவிட்டார். “பெரியவருக்கு ஒரே ஒரு காலா?”

“என்னாப்பா ஒளர்ற?”

“மாட்டுக்கு மூணு காலு. அவருக்கு ஒரு காலு. பாருங்க.”

மூன்று பேரும் பார்த்தார்கள். மச்சான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர் மாட்டின் தடத்திலேயே கால் வைத்துவைத்து நடந்திருப்பார் என்றார். ஈயம் கழுவ ஒருகாலத்தில் கட்டின மரவாய்க்கால் ஒன்று கொஞ்ச தூரத்தில் சாய்ந்து கிடந்தது. மாடு அதற்கடியில் நுழைந்து போயிருந்தது. பலகைக்குக் கீழே மழை படாத மணல். அங்கே ஒரு வட்டம் புத்தம்புதிதாக, ஓரம் சரியாமல் இருந்தது. மண்டிபோட்டுப் பார்த்தேன். தடத்துக்குள்ளே சின்னச் சின்னக் கட்டமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. அரிசி மூட்டையை ஈர மணலில் வைத்து எடுத்தால் பதியுமே, அதே கோடு.

“பெரியவரு சாக்கு கட்டுவாரா கங்காணியாரே?”

கங்காணியும் முனகிக்கொண்டு மண்டிபோட்டார். மணலிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தார். பழுப்பாக, நூல் போல ஒன்று. இரண்டு கையாலும் இழுத்தார், நீண்டது. விட்டார், பட்டென்று சுருங்கியது. மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ரப்பர்.

ஒரு பயம் முழுசாக வெளியே போவதற்குள் இன்னொன்று உள்ளே வந்துவிட்டது. மரத்திலிருந்து இறக்குகிற பாலில் ஒரு மங்கு, அதாவது அந்தச் சின்னக் கிண்ணத்தில் ஒன்று, வீட்டுக்குப் போனாலும் அது தோட்டத்துச் சொத்து. அதற்காக வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். மாடு கிடைத்தாலும் வேலை போய்விட்டால் தவணை எப்படிக் கட்டுவது? மச்சான் எதுவும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மரவாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடு கத்தியது.

கத்தியது என்றால் பயந்த கத்தல் இல்லை. தாழ்ந்த குரலில், தொண்டைக்குள்ளேயே. ஓடிப்போய்ப் பார்த்தோம். மூங்கில் புதருக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே, காற்றுப் படாத இடமாகப் பார்த்துப் போய் நின்றிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஈரம் காயாத கன்று. நாலு காலையும் நாலு திசைக்கு வைத்துக்கொண்டு, விழலாமா நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கிடாரிக் கன்று. கன்று போடத் தனியிடம் தேடித்தான் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மாட்டின் இடது முன்னங்காலில் பூட்ஸ் போட்டிருந்தது. பூட்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும். நான் லகாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் சாக்கைப் பைபோல மடித்து, குளம்பை மூடி, கணுக்காலில் கயிற்று நாரால் கட்டி, மேலே ரப்பர் பாலைப் பூசி, அடுப்புப் புகை காட்டிக் காயவைத்திருந்தாள் என் மனைவி.

கங்காணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முடிச்சைத் தளர்த்திக் குளம்பைப் பார்த்தார். உள்ளே ஈரம் படாமல் புண் காய ஆரம்பித்திருந்தது.

“இது எங்கேருந்து வந்த பாலு?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், “மரத்தடியில கொட்டிக் கெடந்ததா இருக்கும் கங்காணியாரே. மண்ணு பட்டுப்போனது. அத யாரு எடுக்கப் போறா?” என்றார்.

“மண்ணு பட்டதா?” கங்காணி பூட்ஸைத் தடவினார். அடிப்பக்கம் தேய்ந்திருந்தாலும் மேலே சுத்தமாக வழவழவென்று இருந்தது. “மண்ணையே காணோமே.”

தவுக்கேக்குப் பேச்சு புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று புரிந்து, தகரத்தைக் கீழே வைத்தார். கங்காணி நேரம் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். முழங்கால் மணலைத் தட்டினார்.

“என் வண்டி மாடு ஒண்ணுக்கும் ரெண்டு மாசமாக் காலு இப்புடித்தான் இருக்கு” என்றார். “ஒன் பொண்டாட்டி வந்ததும் அதுக்கும் ஒண்ணு கட்டிவிடச் சொல்லு. மண்ணு பட்ட பாலாப் பாத்து.”

“சொல்றேங்க.”

“சீம்பாலு காய்ச்சினா என் வீட்ட மறந்துறாதீங்க.”

“மறக்கமாட்டோங்க.”

தவுக்கேயும் கையை நீட்டி மாட்டின் சாணியைக் காட்டி ஏதோ கேட்டார். வாரம் ஒரு கூடை தருவதாகச் சொன்னேன். அன்றைக்கு என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன். நாய்க்குத்தான் ஒன்றும் கொடுக்கவில்லை. உண்மையில் முதலில் கண்டுபிடித்தது அதுதான்.

கன்றைத் தோளில் போட்டுக்கொண்டேன். மாடு என் முதுகை மோந்துகொண்டே பின்னால் வந்தது. பாதி மணல் தாண்டுவதற்குள் எதிரே என் மனைவி. கொட்டகை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த கூடையைக்கூட வைக்காமல் எங்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. கன்றைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டாள். மாட்டின் நெற்றியில் கை வைத்தாள், கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்தாள், சிரித்தாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“அங்க ஒரு எடத்துல நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஒட்டிக்கிட்டே நடந்திருக்கீங்க. தடம் தெரியுது. எதுக்கு?”

“மணலு சூடு” என்றார் மச்சான்.

“காலையிலயா அண்ணே?”

வேறு வழியில்லாமல் அவரே சொன்னார். தகரம் தட்டியது வரைக்கும் சொன்னார். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எஞ் சாக்குச் செருப்பப் பாத்தா இவ்வளவும்? இனிமே என்னா பெரியவரு சின்னவரு, புலின்னே சொல்லுங்க லா!” சத்தமாகச் சொன்னாள். காலை வேளை. கங்காணியே ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஏன் முன்னமே என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

“சொல்லியிருந்தா? பாலு எங்க எடுத்த, கங்காணி பாத்தா என்னா ஆவும், மாட்டுக்கு மூச்சு முட்டுமான்னு ராத்திரி பூரா கேட்டிருப்பீங்க.”

“காலுல கட்டினா மூச்சு எப்புடி முட்டும்?”

“நீங்க கேட்டிருப்பீங்க.”

கேட்டிருப்பேன்தான்.

வெயில் ஏற ஏற மணல் பளபளத்தது. எங்களுக்கு முன்னால் நாங்கள் வந்த தடம் அப்படியே கிடந்தது. மூன்று குளம்பு, ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பயந்த கால்கள். அதை ஒட்டியே திரும்பி நடந்தோம். கன்றின் நெஞ்சு என் கழுத்தில் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. கிராணி வீட்டுக்கு எத்தனை போத்தல், டிரஸ்ஸர் வீட்டுக்கு எத்தனை போத்தல் என்று மனைவி தன் அண்ணனிடம் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே பேசவில்லை.

“அது சரி, லகாட்டு வங்காளிக்கு இன்னும் எவ்வளவுப்பா பாக்கி?” என்று கங்காணி கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொல்வேன். அன்றைக்குக் கன்று நழுவாமல் தோளைச் சரிசெய்துகொண்டு, கடைசியில் வந்த தவுக்கேக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“இருபத்தேழு வெள்ளி.”